நாற்காலி போட்டவர் யார்?

('ஓர் இசைக்குழுவை வாழவைப்பவர்கள் மேடையில் இருப்பவர்களே! மேடைக்குப் பின்னால் இருப்பவர்களே!' என்ற பட்டிமண்டபத்தில், இரண்டாவது அணியில் நிறைவாகப் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் வேலையை இரண்டு மடங்காக்கிவிட்டு, இப்போது நிம்மதியாகச் சோடா குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே! வீட்டில் டிவிக்கு முன்னால், அடுப்பில் ஒரு கண்ணும் எங்கள் மேல் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணியிலே பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "வயலின் வாசிக்கிற இடத்திலே கணக்குப்பிள்ளைக்கு என்னய்யா வேலை?" என்றாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல கேள்விதானே! ஆனால் அம்மா, நீங்க பேசின அந்த மைக் ஒழுங்காக வேலை செய்ததே, அதை ராத்திரி ஒரு மணிக்கு வந்து கட்டினவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? (சிரிப்பு) எனக்கும் தெரியாது. அதுதான் அய்யா இன்றைக்கு வழக்கே! (கைதட்டல்)

2025 மார்ச் 8ஆம் தேதி. லண்டன் மாநகரம். நம்ம இளையராஜா எழுதின 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. தமிழன் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தினோம். நிமிர்த்த வேண்டியதுதான். ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்க. ராஜா எழுதியது ஒரு முழுப் பிரதி. அந்த ஒன்றிலிருந்து புல்லாங்குழலுக்குத் தனித்தாள், கொம்புக்குத் தனித்தாள், வயலினுக்குத் தனித்தாள், முரசுக்குத் தனித்தாள் என்று பிரிக்கணும். ஒரு சுரம் தப்பாகப் பிரிந்தால் ஒத்திகையிலே எண்பது பேரும் நிற்கணும். இரண்டு வயலின்காரருக்கு ஒரு தாங்கி. பக்கம் திருப்புகிற இடத்திலே வாசிப்பு இருந்தால் ஒருவர் வாசிக்க ஒருவர் திருப்பணும். இந்தத் தாளை எல்லாம் வரிசைப்படுத்தி, தாங்கியிலே வைத்து, நாற்காலியை அளந்து போட்டுவிட்டு, விளக்கு எரிவதற்கு முன்னால் இறங்கிப் போகிறானே ஒருத்தன், அவனுக்கு ஒரு கைதட்டல் உண்டா?

நம்ம வீட்டுக் கல்யாணத்தை எடுத்துக்குங்க. தாலி கட்டுவது மாப்பிள்ளைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் உக்கிராண அறைச் சாவியை இடுப்பிலே சொருகிக்கொண்டு ஒரு பெரியப்பா அலைவாரே, பார்த்திருக்கீங்களா? அவர் ஒரு போட்டோவில்கூட இருக்க மாட்டார். இருந்தாலும் பாதி முதுகுதான் விழுந்திருக்கும். (சிரிப்பு) அவர் சாவியைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகும்? மாப்பிள்ளை தாலி கட்டலாம், பந்தியிலே இலைதான் இருக்கும். அந்தப் பெரியப்பாவுக்கு ஆங்கிலத்திலே வைத்த பெயர்தான் அய்யா ஆர்கெஸ்ட்ரா மேனேஜர்!

தமிழ் வாத்தியார் இலக்கியம் சொல்லாமல் விட்டால் சம்பளத்திலே பிடிப்பாங்க. (சிரிப்பு) மாதவி அரங்கேறினாள் என்று நாம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இளங்கோவடிகள் அவள் ஆடுவதற்கு முன்னால் என்ன செய்கிறார்? மேடைக்கு அளவு சொல்கிறார். அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல். திரைச்சீலையிலே மூன்று வகை சொல்கிறார். தூணின் நிழல் ஆடுகிற இடத்திலே விழாதபடி விளக்கு வைக்கணும் என்கிறார். அந்த விளக்கை நகர்த்தி நகர்த்தி வைத்தவன் எந்த ஊர்க்காரனோ! மாதவிக்குக் காப்பியம் கிடைத்தது, அவனுக்கு ஒரு நன்றிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் இளங்கோ அவன் வேலையைக் கண்டுகொண்டார் பாருங்க, அதுதான் பெரிய மனசு. (கைதட்டல்)

சரி, மேல்நாட்டு இசைக்குழு பற்றித்தானே பேச்சு? மேல்நாட்டுக்கே போவோம். உலகத்திலே முதல் வரிசை ஆர்கெஸ்ட்ரா எது என்று கேட்டால், பெர்லின் பில்ஹார்மானிக் என்று எதிரணி நண்பரே சொன்னார். அது எப்படிப் பிறந்தது என்பதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டார். விட்டால் நான் சும்மா இருப்பேனா?

பெர்லினிலே பெஞ்சமின் பில்சே என்று ஒருத்தர். இசைக்குழு வைத்திருந்தார். நல்ல குழு. நல்ல கூட்டம். ஆனால் ஆள் கையிறுக்கம். 1882இல் வார்சா நகரத்துக்குக் கச்சேரிக்குக் கிளம்பணும். பில்சே என்ன செய்தார்? கலைஞர்களுக்கு ரயிலிலே நாலாம் வகுப்பு டிக்கெட் போட்டார்! அய்யா, மூணாம் வகுப்பே நாம் கேள்விப்பட்டதுதான். நாலாம் வகுப்பு! கையிலே வயலினை வைத்துக்கொண்டு நாலாம் வகுப்பிலே வார்சா வரைக்கும் போ என்றால் எவன் போவான்? 54 பேர் எழுந்தாங்க. "போய்யா நீயும் உன் கச்சேரியும்" என்று வெளியே வந்துட்டாங்க. தனியாகக் குழு ஆரம்பித்தாங்க. அதுதான் பெர்லின் பில்ஹார்மானிக்!

எதிரணி இப்போது சிரிக்கிறாங்க. "பார்த்தியா, நிர்வாகி கெடுத்தான், கலைஞன் பிழைத்தான்" என்று. அவசரப்படாதீங்க, கதை பாதியிலேதான் இருக்கு. (சிரிப்பு) வெளியே வந்த 54 பேரும் வாசிப்பிலே சூரர்கள். கையிலே காசு? நின்று வாசிக்க நிலையான இடம்? ஐந்து வருஷம் தட்டுத்தடுமாறி ஓட்டினாங்க. 1887இல் ஹெர்மன் வொல்ஃப் என்கிற கச்சேரி ஏற்பாட்டாளர் வந்து நிர்வாகத்தைக் கையிலே எடுத்தார். அவர் வயலின் வாசிக்கவில்லை. ஆனால் ஹான்ஸ் ஃபொன் ப்யூலோ என்ற பெரிய நடத்துநரைப் பேசிக் கொண்டுவந்து நிறுத்தினார். குழு எங்கே வாசித்தது தெரியுமா? சக்கரக் காலணி கட்டிக்கொண்டு சறுக்கி விளையாடுகிற ஒரு கூடம்! அதைக் கச்சேரி மண்டபமாக மாற்றினாங்க. வழுக்கி விழுந்த இடத்திலே நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தது பெர்லின் பில்ஹார்மானிக். (பலத்த கைதட்டல்)

1902இல் வொல்ஃப் இறந்துபோனார். அப்புறம் அந்த நிறுவனத்தை நடத்தினது யார்? அவருடைய மனைவி லூயிஸ் வொல்ஃப். முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினாங்க. பெர்லின்காரங்க அந்த அம்மாவை 'ராணி லூயிஸ்' என்றே கூப்பிட்டாங்க. தாய்மார்கள் இதற்குக் கைதட்டலாம், தப்பில்லை. (கைதட்டல்)

ஆக, நாலாம் வகுப்பு டிக்கெட் எடுத்தவனும் நிர்வாகிதான், ப்யூலோவைக் கொண்டுவந்து நிறுத்தினவனும் நிர்வாகிதான். ஒருத்தன் கையிலே உடைந்தது, ஒருத்தன் கையிலே ஒட்டியது. வாசித்த 54 பேரும் அதே 54 பேர்தானே?

இன்னொரு சின்னச் சங்கதி. 1912. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அமெரிக்கா போகணும். முதலிலே போவதாக இருந்த கப்பல் எது தெரியுமா? டைட்டானிக்! பயணத் தேதி மாறினதால் பால்டிக் என்கிற கப்பலில் போனாங்க. பிழைத்தாங்க. இதை நான் என் கட்சிக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். அது அதிர்ஷ்டம். எனக்கும் கொஞ்சம் நியாயம் தெரியும் அய்யா. (சிரிப்பு)

அதே லண்டன் சிம்பொனியை வைத்து எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். "லண்டன் சிம்பொனியும் வியன்னா பில்ஹார்மானிக்கும் வாசிக்கிறவங்களே நடத்துகிற குழு. முதலாளியும் இல்லை, மேனேஜரும் இல்லை" என்றார். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியிலேதான் தம்பி வழுக்குகிறார். வியன்னாவிலே என்ன செய்கிறாங்க? வாசிக்கிறவங்களுக்குள்ளேயே தேர்தல் வைத்து ஒரு தலைவர், ஒரு நிர்வாகப் பொறுப்பாளர் என்று தேர்ந்தெடுக்கிறாங்க. லண்டன்காரங்க தனியாக ஒரு நிர்வாக இயக்குநரை வேலைக்கு வைக்கிறாங்க. மேனேஜர் வேண்டாம் என்று ஒழித்துவிட்டாங்களா? இல்லையே! மேனேஜரை யார் நியமிப்பது என்பதை மட்டும்தான் மாற்றினாங்க. மாமியார் வேண்டாம் என்று தனிக்குடித்தனம் போனால் பால் கணக்கு எழுதுவது நின்றுவிடுமா தம்பி? (சிரிப்பு, கைதட்டல்)

பயணம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2014இல் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ரா நியூயார்க்கில் இறங்குகிறது. சுங்க அதிகாரிகள் ஏழு வில்களைப் பிடித்துவைத்துவிட்டாங்க. ஏன்? பழைய வில்லின் நுனியிலே யானைத் தந்தம் ஒரு சின்னத் துண்டு இருக்கும். தந்தம் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அமெரிக்காவிலே அந்த வருஷம்தான் கட்டுப்பாட்டை இறுக்கினாங்க. இப்போது சொல்லுங்க, வயலின்காரர் மொசார்ட்டைப் பயிற்சி செய்வாரா, யானைச் சட்டத்தைப் பயிற்சி செய்வாரா? எந்த வில்லிலே எந்த மரம், எந்த நுனியிலே எந்த எலும்பு, எந்த ஊருக்கு எந்தச் சான்றிதழ் என்று படித்துவைக்க வேண்டியவன் மேனேஜர். யானைக்கும் வயலினுக்கும் நடுவே நிற்கிற ஒரே மனுஷன் அவன்தான்! (சிரிப்பு)

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். பணம்.

அமெரிக்காவிலே வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்று இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள். 1966இல் ஒரு புத்தகம் எழுதினாங்க. அவங்க சொன்னது ரொம்ப எளிமை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டை தைக்க ஆன நேரம் இன்றைக்கு ஆகாது, எந்திரம் வந்துவிட்டது. ஆனால் நாலு பேர் வாசிக்கிற அரை மணி நேர இசைக்கு அன்றைக்கும் நாலு பேர், அரை மணி. இன்றைக்கும் நாலு பேர், அரை மணி. மூணு பேரை வைத்து இருபது நிமிஷத்திலே முடி என்றால் அது இசையா? ஆனால் ஊரிலே எல்லார் சம்பளமும் ஏறுகிறது, வாசிக்கிறவனுக்கும் வீட்டு வாடகை ஏறுகிறது. வேலை அதே வேலை, செலவு மட்டும் வருஷா வருஷம் ஏறும். அதனாலே அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களிலே அரங்கம் நிறைந்தால்கூட டிக்கெட் பணம் செலவிலே பாதிக்குக் காணாது. மிச்சத்தை யார் தருவது? நன்கொடை. அறக்கட்டளை வட்டி. வீடு வீடாக, கம்பெனி கம்பெனியாகப் போய்க் கேட்கிறது யார்? கைதட்டல் வாங்குகிறவர் கேட்பதில்லை அய்யா. கை நீட்டுகிறவன் வேறே!

நீட்டின கைக்கு வராமலும் போகும். 2011 ஏப்ரலிலே ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா, ஒரு நூற்றாண்டு கண்ட குழு, திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. வாசிப்பு மோசமா? யாரும் அப்படிச் சொல்லவில்லை. கணக்கு மோசம். 2012 ஜூலையில்தான் அதிலிருந்து வெளியே வந்தது.

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். மினசோட்டா. அம்மா கண்ணீர் வருகிற மாதிரி சொன்னாங்க. 2012 அக்டோபர் ஒண்ணாம் தேதி நிர்வாகம் கதவைப் பூட்டியது. சம்பளத்திலே ஏறக்குறைய மூணிலே ஒரு பங்கு குறைப்பு என்றது. கலைஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதே சமயத்திலே மண்டபத்தைப் புதுப்பிக்க ஐம்பது மில்லியன் டாலர் செலவு! பதினைந்து மாதத்துக்கு மேல் பூட்டு. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவங்க நடத்துநர் ஓஸ்மோ வான்ஸ்கா ராஜினாமா செய்தார். எத்தனையோ பேர் வேறு ஊருக்குப் போய்விட்டாங்க. எல்லாம் உண்மை. அந்தக் கதவைப் பூட்டினது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். கட்சிக்காக அதை நியாயப்படுத்த எனக்கு நாக்கு வரவில்லை.

ஆனால் அம்மா, அந்தப் பூட்டின காலத்திலே கலைஞர்கள் என்ன செய்தாங்க என்பதையும் சொல்லியிருக்கணும். சும்மா இருந்தாங்களா? தாங்களே கச்சேரி நடத்தினாங்க. தாங்களே மண்டபம் பிடித்தாங்க. தாங்களே டிக்கெட் விற்றாங்க, விளம்பரம் போட்டாங்க, நன்கொடை கேட்டாங்க. அதாவது, மேனேஜர் இல்லை என்றதும் வாசிக்கிறவங்க பாதிப் பேர் மேனேஜர் ஆனாங்க! அப்போதுதான் அந்த வேலை என்ன பாரம் என்று அவங்களுக்கே தெரிந்திருக்கும். 2014 ஜனவரியிலே உடன்பாடு வந்தது. அப்புறம் நிர்வாகத்திலே ஆள் மாறியது. கெவின் ஸ்மித் என்று, அதே ஊரில் ஆபரா நிறுவனத்தை நடத்தினவர், பொறுப்புக்கு வந்தார். வான்ஸ்கா திரும்பி வந்தார். 2015 மே மாதம் இதே குழு கியூபா நாட்டு ஹவானாவிலே போய் வாசித்தது. உறவே முறிந்து கிடந்த இரண்டு நாடு, சேரத் தொடங்கின சில மாதத்துக்குள்ளே! பூட்டினவர் ஒரு நிர்வாகி, திறந்து ஹவானா வரைக்கும் கொண்டுபோனவர் ஒரு நிர்வாகி. அம்மா, நீங்க எறிந்த கல் என் வீட்டுச் சுவருக்கே ஆகிறது! (பலத்த கைதட்டல்)

நடத்துநர்தான் உயிர் என்றார் இன்னொரு நண்பர். சரி, அந்த உயிரைத் தேடிக் கொண்டுவருவது யார்? லாஸ் ஏஞ்சலஸிலே டெபோரா போர்டா என்று ஒரு நிர்வாகி. 2007இல் குஸ்தாவோ துடாமெல் என்கிற வெனிசுவேலாப் பையனை அடுத்த இசை இயக்குநர் என்று அறிவித்தாங்க. பையனுக்கு வயசு 26! நம்ம ஊரிலே 26 வயசுப் பையனை நம்பி ஸ்கூட்டர்கூடத் தர மாட்டோம். (சிரிப்பு) அப்புறம் அந்த அம்மா நியூயார்க் பில்ஹார்மானிக்குப் போனாங்க. 2023இல் அதே துடாமெல்லை நியூயார்க்குக்கு வரப்போகிறவர் என்று அறிவித்தாங்க. நல்ல வரனை விடாமல் பிடிக்கிற அத்தை மாதிரி!

"இதெல்லாம் அனுபவத்திலே வருவது, இதற்கு என்ன படிப்பு வேண்டியிருக்கு" என்று எதிரணியிலே சொன்னாங்க. அங்கேதான் எனக்குக் கோபமே வந்தது. வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். எந்த வேலைக்கு எந்த ஆள் என்று ஆராய்ந்து ஒப்படைப்பது பற்றி பத்துக் குறள். அதை நாம் மனப்பாடம் பண்ணினோம், அவங்க வகுப்பு நடத்தினாங்க.

1942இல் லீட்டா ஸ்னோ என்கிற அம்மையார் முயற்சியிலே அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களுக்கு ஒரு சங்கம் வந்தது. பெரிய ஊர்க் குழுக்களை நினைத்து ஆரம்பித்ததல்ல, சின்னச் சின்ன ஊர்களிலே திண்டாடிக்கொண்டிருந்த குழுக்களுக்காக. பிறகு ஹெலன் தாம்சன் என்கிற அம்மா வந்தாங்க. மேற்கு வர்ஜீனியாவிலே சார்ல்ஸ்டன் என்கிற ஊர். அங்கே சிம்பொனியை நிர்வாகம் பண்ணினவங்க. சங்கத்தின் அலுவலகமே அந்த ஊரிலிருந்துதான் கொஞ்ச காலம் நடந்தது. அவங்கதான் 1950களிலே நிர்வாகிகளுக்கென்று பயிற்சி வகுப்பு நடத்தினாங்க. சந்தா சேர்ப்பது எப்படி, ஒப்பந்தம் எழுதுவது எப்படி, வாரியத்து உறுப்பினரோடு சண்டை போடாமல் பேசுவது எப்படி... இந்தக் கடைசிப் பாடம் எனக்கே தேவைப்படுது, என் வீட்டு வாரியம் முன் வரிசையிலே உட்கார்ந்திருக்கு. (சிரிப்பு) சின்ன ஊரிலிருந்து வந்த அந்த ஹெலன் தாம்சன் 1970இல் நியூயார்க் பில்ஹார்மானிக்குக்கே மேனேஜர் ஆனாங்க. அந்தச் சங்கம் 2007இல் பெயர் மாற்றிக்கொண்டு, இன்றும் இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களைப் பயிற்றுவிக்கிறது, பத்திரிகை நடத்துகிறது, ஒரு குழு பட்ட அடியை இன்னொரு குழுவுக்குச் சொல்கிறது. அடிபட்டவன் சொல்லித்தரணும், அடுத்தவன் கேட்கணும். இதற்குப் பெயர் படிப்பு இல்லையா?

நடுவர் அய்யா மணியிலே கை வைத்துவிட்டார். ஒரே ஒரு விஷயம் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்கள் அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஊரிலே ஒரு சின்ன சபா, அதற்குச் செயலாளர். சம்பளம் கிடையாது. எனக்குப் பத்து வயசு இருக்கும். ஒரு பெரிய வித்வானை அழைத்துவந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து மாலை நாலு மணிக்குப் பிடித்த மழை விடவேயில்லை. கொட்டகையிலே நாற்பது பேர். வசூல் விளக்கு வாடகைக்குப் பற்றாது. பொருளாளர் ஆளையே காணோம். அப்பா வீட்டுக்கு வந்தார், அடுக்களைக்குள்ளே போனார், வெளியே வந்தார். அம்மா கழுத்திலே இரட்டை வடச் சங்கிலி இருக்கும். அதைக் காணோம்.

வித்வான் பாடி முடித்ததும், சாப்பிட உட்காருவதற்கு முன்னால், உறையிலே பேசின தொகை அப்படியே இருந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. வித்வானுக்கு இந்த விஷயம் தெரியாது. அந்த மழையிலே அவர் பாடினதை எங்க ஊர்க்காரங்க இன்னும் பேசுறாங்க. சங்கிலி திரும்பி வர பதினாலு மாதம் ஆனது. அந்தப் பதினாலு மாதமும் எங்கள் அப்பாவோடு நான் சரியாகப் பேசவில்லை. பையன்தானே!

அப்பா காலமான பிறகு பெட்டியைத் திறந்தால் சபாக் கணக்கு நோட்டு. அந்தத் தேதிப் பக்கத்தைத் தேடினேன். சோடா இத்தனை, பெட்ரோமாக்ஸ் வாடகை இத்தனை, தம்பூரா வைத்த வண்டிக்கு இத்தனை. வரவுப் பக்கத்திலே மூன்றாவது வரி: 'வீட்டம்மாள் சங்கிலி, திருப்ப வேண்டியது.' கீழே சிவப்பு மையிலே, திருப்பின தேதி.

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். "வித்வான் பேர் எழுதியிருக்காரா?" என்று கேட்டாங்க. எழுதியிருக்காரும்மா என்றேன். "பக்கவாத்தியம் வாசிச்சவங்க பேரு?" அதுவும் இருக்கும்மா. "என் பேரு?"

வீட்டம்மாள்னு இருக்கும்மா என்றேன்.

அம்மா சிரித்தாங்க. "அவர் பேரை மட்டும் எங்கேயுமே எழுதலையா?" என்று கேட்டாங்க. நோட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்தேன் அய்யா. இல்லை.

மணி அடித்தாயிற்று. தீர்ப்பு நடுவர் அய்யா கையில். (நீண்ட கைதட்டல்)